மூட்டை தூக்கும் உடம்புக்கு கலர் டேப்: வலியைக் குறைக்குமா? மறைக்குமா? – முழு விவரம்

நள்ளிரவு தாண்டியதும் கோயம்பேடு மார்க்கெட்டில் லாரிகள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடும். வெங்காய மூட்டை, தக்காளி கிரேட், கோஸ் சாக்கு என இறக்க இறக்க வந்துகொண்டே இருக்கும். தலையில் சும்மாடு, தோளில் துண்டு, இடுப்பில் இறுக்கிக் கட்டிய இன்னொரு துண்டு. லோடுமேன்களுக்கு பல வருஷமாக இதுதான் 'பாதுகாப்பு உபகரணம்'. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் தைலம், வெந்நீர் ஒத்தடம், வலி ரொம்ப அதிகமானால் ஒரு மாத்திரை.

இந்தப் பட்டியலில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கிரிக்கெட், கால்பந்து வீரர்களின் தோளிலும் முழங்காலிலும் பார்த்த அந்த நீலம், பிங்க், கறுப்பு கலர் டேப். மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. 'முதுகு வலிக்கு', 'முழங்கால் வலிக்கு', 'தசைக்கு பலம் தரும்' என்றெல்லாம் அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்ததும், உடம்பை வைத்துப் பிழைக்கும் யாருக்கும் 'நாமும் ஒட்டிப் பார்க்கலாமே' என்றுதான் தோன்றும்.

ஒட்டலாமா? நிஜமாகவே பலன் இருக்கிறதா? ஒட்டிக்கொண்டு வழக்கம்போல லோடு தூக்கலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய விஷயங்கள் சுருக்கமாக

• இந்த டேப்பில் மருந்து எதுவும் இல்லை. இது இழுபடும் பருத்தித் துணி, அவ்வளவுதான்.
• சிலருக்கு சில நாட்கள் வலி கொஞ்சம் குறையலாம். நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.
• தூக்கும் எடையில் ஒரு கிலோவைக்கூட இந்த டேப் குறைக்காது.
• வலி குறைந்த தைரியத்தில் அதே லோடைத் தூக்குவதுதான் பெரிய ஆபத்து.

இது என்ன டேப்?

இதன் பொதுப் பெயர் கினீசியாலஜி டேப். பலரும் 'கினீசியோ டேப்' என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் பருத்தித் துணியால் ஆனது. ஒரு பக்கம் அலை அலையாகப் பசை தடவியிருக்கும். உடல் சூடு பட்டதும் அந்தப் பசை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வியர்த்தாலும், குளித்தாலும் சட்டென உரிந்து வராது. அதனால் ஒரு முறை ஒட்டினால் 3 முதல் 5 நாட்கள் வரை விட்டுவைக்கலாம் என்கிறார்கள்.

முக்கியமான விஷயம், இது நீளவாக்கில் இழுபடும். 10 செ.மீ. துண்டை இழுத்தால் ஏறக்குறைய 14 செ.மீ. வரை நீளும். விட்டால் பழைய அளவுக்குச் சுருங்கும். மனிதத் தோலும் கொஞ்சம் இழுபடும் தன்மை கொண்டது என்பதால், அசைவைத் தடுக்காமல் உடம்போடு சேர்ந்து நகரும்படி இதை வடிவமைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. கணுக்கால் பிசகினால் டாக்டர் சுற்றும் க்ரீப் பேண்டேஜ் வேறு. மூட்டை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் இழுபடாத வெள்ளை ஸ்போர்ட்ஸ் டேப் வேறு. இந்தக் கலர் டேப் எதையும் அசையவிடாமல் பிடித்து வைக்காது. எனவே சுளுக்கிய கணுக்காலுக்கு இதை ஒட்டிக்கொண்டு 'கட்டுப் போட்டாச்சு' என்று நினைக்கக் கூடாது.

கலருக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? கிடையாது. நீலமோ, பிங்க்கோ எல்லாம் ஒன்றுதான். கலர் மாறினால் பலன் மாறாது.

எங்கிருந்து வந்தது?

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த கைரோபிராக்டர் கென்சோ காசே. மருந்தோ ஊசியோ இல்லாமல் முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் சீர்செய்பவர்களையே கைரோபிராக்டர் என்கிறார்கள். சிகிச்சை முடிந்து நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அதன் பலன் தொடர வேண்டும் என்று யோசித்து, 1970-களில் இந்த டேப்பை உருவாக்கினார்.

உலகம் முழுக்க இது பிரபலமானது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில். அமெரிக்க பீச் வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷ் தோளில் கறுப்பு டேப்போடு விளையாடி தங்கம் வென்றார். டிவியில் பார்த்த எல்லோரும் 'அது என்ன?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்து 2012 யூரோ கோப்பை அரையிறுதி. ஜெர்மனிக்கு எதிராக கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றி நின்றார் இத்தாலி வீரர் மரியோ பலோடெல்லி. அவர் முதுகில் இருந்த நீல டேப் பட்டைகள் அந்தப் போட்டோவோடு சேர்ந்து உலகம் சுற்றின.

ஆக, இந்த டேப்புக்குப் பெயர் வாங்கித் தந்தது மருத்துவ ஆய்வுகளைவிட டிவி கேமராக்கள்தான் என்று சொன்னால் தப்பில்லை.

எப்படி வேலை செய்கிறது என்கிறார்கள்?

தயாரிப்பாளர்களும் சில பிசியோதெரபிஸ்ட்களும் சொல்லும் காரணங்கள் மூன்று.

முதலாவது, டேப் தோலை லேசாக மேலே தூக்கும். தோலுக்கு அடியில் கொஞ்சம் இடம் கிடைக்கும். ரத்த ஓட்டமும் நிணநீர் ஓட்டமும் சீராகும், வீக்கம் குறையும் என்பது இந்த வாதம்.

இரண்டாவது, தொடு உணர்வு. எங்கேயாவது இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைக் கையால் தேய்த்துவிடுகிறோம் இல்லையா? தேய்த்தால் வலி கொஞ்சம் அடங்குகிறது. தொடு உணர்வு மூளைக்குப் போகும்போது வலி உணர்வு கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-ல் முன்வைத்த விளக்கம் இது. தோலில் ஒட்டிய டேப்பும் இதே வேலையைச் செய்யலாம்.

மூன்றாவது, ஞாபகப்படுத்தல். முதுகில் டேப் ஒட்டியிருந்தால், ரொம்பக் கூன் போடும்போது தோல் இழுபடும். 'டேய், குனியுற' என்று யாரோ முதுகில் தட்டிச் சொல்வது மாதிரி.

மூன்றுமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் நியாயமாகத் தோன்றுவது வேறு, சோதனையில் நிரூபணமாவது வேறு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பிரேசிலில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 148 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு விதிப்படி இழுத்து, தோலில் சுருக்கம் விழும்படி டேப் ஒட்டினார்கள். இன்னொரு பாதிக்கு அதே டேப்பை இழுக்காமல் சும்மா ஒட்டினார்கள். முடிவு? இரண்டு குழுவுக்கும் வலி குறைந்ததில் வித்தியாசமே இல்லை. 'தோலைத் தூக்குகிறது, அதனால்தான் பலன்' என்ற வாதத்துக்கு இது பெரிய அடி.

ஸ்பெயினில் 60 பேரை வைத்து 2012-ல் நடந்த ஆய்வில் கொஞ்சம் சாதகமான முடிவு வந்தது. ஒரு வாரம் டேப் ஒட்டியவர்களுக்கு வலி சற்றுக் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவு அன்றாட வாழ்க்கையில் பெரிய மாற்றம் தரும் அளவுக்கு இல்லாமல் போகலாம் என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள்.

தோள்பட்டை விஷயம் என்ன? மருத்துவ ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, தோள் தசைநார் பிரச்சினைக்கு டேப் ஒட்டுவது பற்றிய 23 ஆய்வுகளை 2021-ல் அலசியது. மொத்தம் 1,054 பேர். வலி குறைவதிலும் கை அசைவிலும் டேப்பின் பலன் உறுதியாகத் தெரியவில்லை, கிடைத்த ஆதாரங்களின் தரமும் மிகக் குறைவு என்பதே அதன் முடிவு.

'தசைக்கு பலம் தரும்' என்ற விளம்பரம்? ஹாங்காங்கில் இதற்கு ஒரு சுவாரஸ்யமான சோதனை நடந்தது. டேப் பற்றி எதுவும் தெரியாத 30 பேரைத் தேர்வு செய்து, இது கினீசியோ டேப் என்று சொல்லாமலேயே தொடையில் ஒட்டி, தசை பலத்தை அளந்தார்கள். சரியாக ஒட்டியபோதும், பேருக்கு ஒட்டியபோதும், ஒட்டாதபோதும் பலத்தில் வித்தியாசம் இல்லை. 2015-ல் இந்த முடிவு வெளியானது.

அமெரிக்காவில் முன்னணி டேப் நிறுவனம் ஒன்று, காயத்தைத் தடுக்கும், வலியைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்காக வழக்கைச் சந்தித்தது. கடைசியில் 17.5 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. எல்லாக் காயங்களுக்கும் மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்படவில்லை என்று அட்டையில் போடவும் ஒப்புக்கொண்டது.

அப்போ, வலி குறையுதுன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்களா?

நிச்சயமாக இல்லை. மேலே சொன்ன ஆய்வுகளில் டேப் ஒட்டிய பலருக்கும் வலி குறையத்தான் செய்தது. பேருக்கு ஒட்டியவர்களுக்கும் குறைந்தது என்பதுதான் விஷயம்.

ஏன் அப்படி? தோலில் எது ஒட்டினாலும் தொடு உணர்வு கிடைக்கும். ஒருவர் அக்கறையாகப் பார்த்து ஒட்டிவிட்டால் மனசுக்குத் தைரியம் வரும். அந்தத் தைரியத்தில் பயம் இல்லாமல் நடமாடுவார்கள். நடமாட்டமே இடுப்பு வலிக்கு நல்ல மருந்து. போதாததற்கு, புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் தானாகவே குறையும். அந்தச் சமயத்தில் டேப் ஒட்டியிருந்தால் பெயர் டேப்புக்குப் போய்விடும்.

எனவே, 'ஒட்டினா எனக்கு நல்லா இருக்கு' என்று ஒரு கொத்தனாரோ, தையல் தொழிலாளியோ சொன்னால் அதைக் கேலி செய்யத் தேவையில்லை. மாத்திரையைக் குறைக்க அது உதவினால் நல்லதும்கூட. ஆனால் எதற்காக ஒட்டுகிறோம், அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

வீரரும் லோடுமேனும் ஒன்றா?

ஒரு சர்வதேச வீரர் டேப் ஒட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்குகிறார் என்றால், அவருக்குப் பின்னால் டாக்டர், பிசியோ, பயிற்சியாளர் என்று ஒரு குழுவே இருக்கிறது. ஆட்டம் முடிந்தால் ஓய்வு. வலி கூடினால் அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். சம்பளம் வந்துவிடும்.

லோடுமேனுக்கு? ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு என்றால், மெதுவாகத் தூக்கினாலும் வருமானம் குறையும். வலி என்பது உடம்பு அடிக்கும் அலாரம். அலாரத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அதே வேலையை அதே வேகத்தில் செய்தால், உள்ளே தேய்மானம் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு எளிய கணக்கு பார்க்கலாம். 20 கிலோ பெட்டி ஒன்றை உடம்பில் இருந்து தள்ளி, முதுகெலும்புக்கு 50 செ.மீ. முன்னால் பிடித்திருக்கிறீர்கள். அதைத் தாங்கும் முதுகுத் தசை, முதுகெலும்பின் மையத்தில் இருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. குழந்தைகள் ஏறும் சீசா பலகை மாதிரி யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் 10 மடங்கு நீளம். எனவே தசை 200 கிலோவுக்குச் சமமான விசையில் இழுத்தால்தான் அந்த 20 கிலோவைத் தாங்க முடியும். உங்கள் உடம்பின் எடையை இதில் சேர்க்கவே இல்லை.

இந்த 200 கிலோவுக்கு முன்னால், தோல் மேல் ஒட்டிய மெல்லிய துணியின் இழுவிசை எம்மாத்திரம்? ஆனால் அதே பெட்டியை நெஞ்சோடு அணைத்து 25 செ.மீ. தூரத்துக்குக் கொண்டு வந்தால், தசையின் வேலை 100 கிலோவாகப் பாதியாகிவிடும். ஒரு ரூபாய் செலவு இல்லை. டேப்பால் முடியாததை, தூக்கும் முறை செய்துவிடுகிறது.

இடுப்பு பெல்ட் சொன்ன பாடம்

டேப்புக்கு முன்பு இதே நம்பிக்கையோடு வந்தது இடுப்பு பெல்ட். அமெரிக்காவில் குடோன் ஊழியர்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் நிறுவனங்களே பெல்ட் வாங்கிக் கொடுத்தன. பிறகு அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 160 கடைகளில் 9,000-க்கும் அதிகமான ஊழியர்களிடம் ஆய்வு செய்து 2000-ம் ஆண்டு முடிவை வெளியிட்டது. தினமும் பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகு வலியிலும் காயத்திலும் வித்தியாசம் இல்லை.

உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2020-ம் ஆண்டில் உலகில் 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்கிறது அந்த அமைப்பு. உடற்பயிற்சியும், வலி பற்றிய சரியான புரிதலும் வேண்டும் என்று பரிந்துரைத்த அது, இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது.

பெல்ட்டோ, டேப்போ, தொழிலாளியின் உடம்பில் எதையாவது மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது முதலாளிக்கு வசதி. லோடு அப்படியேதான் இருக்கும்.

யார் முயற்சி செய்து பார்க்கலாம்?

வேலை செய்யும்போது மட்டும் வந்துபோகும் லேசான தசை வலி, தொடர்ந்து குனிந்து நிமிர்வதால் வரும் இடுப்பு இறுக்கம், தையல் மெஷினில் உட்காரும் திருப்பூர் தொழிலாளிக்கு வரும் கழுத்து, தோள் வலி, சுத்தியல் பிடிப்பவருக்கு வரும் முழங்கை வலி. இதற்கெல்லாம் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்து, பயிற்சியோடு சேர்த்து சில நாட்கள் ஒட்டிப் பார்க்கலாம். பயிற்சிதான் முக்கிய சிகிச்சை. டேப் என்பது அந்தப் பயிற்சியை வலி இல்லாமல் தொடங்க ஒரு கைத்தாங்கல். 2 வாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் தொடர்ந்து காசு செலவழிப்பதில் அர்த்தம் இல்லை.

செலவு எவ்வளவு ஆகும்? பொதுவாக ஒரு ரோல் 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளம். இடுப்புக்கு 25 செ.மீ. அளவில் 2 துண்டு என்றால் ஒரு ரோலில் 10 முறை ஒட்டலாம். தினமும் கிழித்துப் புதிதாக ஒட்டினால் 10 நாளில் ரோல் காலி.

ஒட்டுவது எப்படி?

முதல் முறை பிசியோதெரபிஸ்ட் ஒட்டி, வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் நல்லது. கவனிக்க வேண்டியவை இவை.

1. தோல் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், தைலம், வலி ஆயின்மென்ட் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பசை பிடிக்காது. டேப்புக்கு அடியில் தைலம் தடவினால் தோல் வெந்தும் போகலாம்.
2. முதல் நாள் ஒரு சின்னத் துண்டை மட்டும் ஒட்டி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பாருங்கள்.
3. டேப்பின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள். இல்லை என்றால் சட்டை உரசி முனை கிளம்பிவிடும்.
4. இரண்டு முனைகளிலும் 3 முதல் 5 செ.மீ. வரை துளியும் இழுக்காமல் ஒட்ட வேண்டும். முனையை இழுத்து ஒட்டினால்தான் கொப்புளம் வரும்.
5. நடுப்பகுதியை லேசாக இழுத்தால் போதும். இறுக்கினால் பலன் கூடும் என்று நினைக்க வேண்டாம்.
6. ஒட்டியதும் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அந்தச் சூட்டில்தான் பசை பிடிக்கும்.
7. வியர்க்கும் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒட்டிவிடுங்கள்.

கையையோ காலையோ முழுதாகச் சுற்றி ஒட்டக் கூடாது. ரத்த ஓட்டம் தடைபடும். விரல் மரத்துப் போனாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் இன்னும் கவனம் தேவை. டேப்புக்கு அடியில் வியர்வை தேங்கி வேர்க்குரு, அரிப்பு வரலாம். அரித்தால் 'நாளைக்கு எடுத்துக்கலாம்' என்று விட வேண்டாம்.

எடுக்கும்போது பிளாஸ்திரி மாதிரி சர்ரென்று இழுக்காதீர்கள். டேப் மேல் எண்ணெய் தடவி கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, முடி வளரும் திசையில் மெதுவாக உரித்து எடுங்கள்.

யார் ஒட்டவே கூடாது?

புண், வெட்டுக்காயம், படை, தொற்று உள்ள தோலில் ஒட்டக் கூடாது. பிளாஸ்திரி போட்டாலே அலர்ஜி வருபவர்கள் தவிர்க்க வேண்டும். காலில் ரத்தக் கட்டி இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், புற்றுநோய் உள்ள இடம், இதய அல்லது சிறுநீரகக் கோளாறால் கால் வீங்கியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு டேப் தோலைக் கிழித்தாலும் தெரியாது. கர்ப்பிணிகளும், தோல் மெலிந்த வயதானவர்களும் டாக்டரின் ஆலோசனை பெற்ற பிறகே ஒட்ட வேண்டும்.

டேப்போடு மாத்திரையும் சேர்ந்தால்?

காலையில் ஒரு வலி மாத்திரை, மேலே டேப், பிறகு நாள் முழுக்க லோடு. இது ரொம்ப மோசமான கூட்டணி. வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு வரலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கு சிறுநீரக ஆபத்து இன்னும் அதிகம். மெடிக்கல் ஷாப்பில் 'வலிக்கு ஏதாவது கொடுங்க' என்று வாங்கிப் போடும் பழக்கத்தை நிறுத்துவதே நல்லது.

எப்போது உடனே மருத்துவமனை போக வேண்டும்?

கீழே சொன்னவை இருந்தால் டேப்பைத் தேட வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

• இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, சிறுநீர் போக முடியாமல் அடைப்பது
• பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப் போவது
• கால் பலவீனமாகி, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பது
• காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவோடு வரும் முதுகு வலி
• உயரத்தில் இருந்து விழுந்த பிறகு, அல்லது மூட்டை மேலே விழுந்த பிறகு வரும் வலி
• தோள், இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், திடீர் வியர்வை

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். 'லோடு தூக்கினதுல தோள் பிடிச்சிக்கிச்சு' என்று நினைத்து மாரடைப்பைத் தவறவிடும் ஆபத்து இருக்கிறது. சந்தேகம் வந்தால் 108-ஐ அழையுங்கள்.

உண்மையான சப்போர்ட் எது?

அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த கணக்குப்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலே ஒருவர் கையால் தூக்கப் பரிந்துரைக்கப்படும் எடை அதிகபட்சம் 23 கிலோ. அதாவது இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டி, திரும்பாமல், நல்ல பிடிமானத்தோடு, எப்போதாவது தூக்கினால். தரையில் இருந்து, திரும்பித் திரும்பித் தூக்கினால் இது இன்னும் குறையும்.

நம் ஊர் சிமென்ட் மூட்டை எவ்வளவு? 50 கிலோ. அந்தக் கணக்கின் இரண்டு மடங்குக்கும் மேல்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே இதைப் பற்றிப் பேசிவிட்டது. ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. காயம் ஏற்படுத்தக்கூடிய அளவு எடையை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்று நம் நாட்டில் 1948-ல் இயற்றிய தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-வது பிரிவே சொன்னது. ஆனால் மார்க்கெட்டிலும், கட்டட வேலையிலும் எடை போட்டுப் பார்த்து மூட்டை ஏற்றுவது யார்?

வேலை இடத்தில் செய்யக்கூடிய மாற்றங்கள் பெரிய விஞ்ஞானம் இல்லை. தள்ளுவண்டி, டிராலி. லாரி உயரத்துக்கு ஒரு மேடை. மூட்டையைத் தரையில் போடாமல் இடுப்பு உயரத்தில் அடுக்குவது. பெரிய மூட்டையை இரண்டு பேர் பிடிப்பது, அல்லது சின்ன மூட்டையாகக் கட்டுவது. கனமான லோடையும் லேசான வேலையையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது. நடுநடுவே 5 நிமிஷம் உட்கார விடுவது.

உட்கார விடுவது சின்ன விஷயம் இல்லை. துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய ஊழியர்களுக்காக, தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. கேரளா 2018-லேயே இதைச் செய்திருந்தது. கெண்டைக்காலில் ஒட்டும் டேப்பைவிட ஒரு நாற்காலி அந்த ஊழியருக்கு அதிகம் உதவும் என்பதில் சந்தேகமே இல்லை.

எங்கே உதவி கிடைக்கும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ள, இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்கள் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போகலாம். நடக்க முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். கட்டுமானம், சுமை தூக்கும் வேலை போன்ற அமைப்புசாராத் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்கான நல வாரியத்தில் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பது அவசியம்.

கடைசியாக...

டேப் ஒட்டுவது தப்பில்லை. ஒட்டி, வலி கொஞ்சம் குறைந்தால் அந்த நேரத்தைப் பயிற்சிக்கும், டாக்டரைப் பார்ப்பதற்கும், லேசான வேலை கேட்டு வாங்குவதற்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இன்னும் நாலு மூட்டை சேர்த்துத் தூக்க அல்ல.

முதலாளிகளும் மேஸ்திரிகளும் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தொழிலாளிக்கு டேப் வாங்கித் தருவது நல்ல மனசு. அதோடு ஒரு தள்ளுவண்டியும் வாங்கி வைத்தால்தான் அந்த முதுகுக்கு நிஜமான சப்போர்ட். டேப் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், 50 கிலோ மூட்டை 50 கிலோதான்.